ஒன்று மருந்து, இரண்டு வெந்நீர்

“ஒரு எறும்பைக்கூட மிதிக்காத என் தம்பியைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல ராத்திரி பூரா உட்கார வச்சுட்டியேடி, பாவி!”

இது என் நாத்தனார் தமயந்தி சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ‘டி’யும் ‘பாவி’யும் அந்தம்மா போட்டதுதான். இன்று காலை ஏழேகாலுக்கு, நான் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, போனில். நான் சும்மா இருப்பேனா? “பெஞ்சுல உட்காரவாவது முடிஞ்சுதே உங்க தம்பியால! நான் பன்னிரண்டு நாளா நின்னுக்கிட்டே இருக்கேன் அண்ணி, அதை எந்த ஸ்டேஷன்ல போய்ச் சொல்ல?” என்று கேட்டேன். டக்கென்று வைத்துவிட்டார். பதில் இல்லாதவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். அடுப்பை அணைத்தேன், புடவையை மாற்றினேன், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து ஏறிவிட்டேன். கரூருக்குத்தான் போகிறேன். அந்தம்மா வீட்டில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார், என் வீட்டுக்காரர். நேரில் போய் நாலு கேள்வி கேட்கப்போகிறேன்.

வேண்டாம், நீங்கள் நகர வேண்டாம். பக்கத்து சீட்டு காலியாக இருப்பது எனக்கும் தெரிகிறது, கண் இருக்கிறது. கண்டக்டர்கூட இரண்டு தடவை கேட்டுவிட்டார், “ஏம்மா, இவ்ளோ சீட்டு கிடக்கு, கம்பியைப் பிடிச்சுத் தொங்குறீங்க?” என்று. டிக்கெட் எடுத்திருக்கிறேன், நிற்பதும் உட்காருவதும் என் இஷ்டம் என்று சொன்னேன். நீங்கள் நல்ல மாதிரியாகக் கேட்டதால் சொல்கிறேன். அதோடு உங்களை இதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, குளித்தலையில் இறங்கிவிட்டால் இனிமேலும் பார்க்கப்போவதில்லை. எங்கள் தெருவில் ஒருத்தியிடமும் இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

ஆமாம். அதேதான். மூன்று எழுத்து.

இதற்குச் சிரிக்கத் தேவையில்லை. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, சுவரெல்லாம் விளம்பரம் எழுதி வைத்திருக்கிறான். ஆனால் நான் படித்தது கான்வென்ட். அங்கே கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே ஒன்றும் கிடையாது. வயிற்றுவலி என்றால்கூட ‘உடம்பு சரியில்லை சிஸ்டர்’ என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வருஷம் அப்படி வளர்த்துவிட்டு, ஐம்பத்தொன்றாவது வயதில் கவுண்டரில் நின்று அந்த வார்த்தையைச் சொல் என்றால் வாய் வருமா? மூன்று மாதம் பொறுத்தேன். அப்புறம்தான் டாக்டர் செங்குட்டுவனிடம் போனேன். பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆரம்பம்தான் என்றார். தாளை எடுத்து மளமளவென்று எழுதினார்.

அந்தத் தாளைப் பற்றித்தான் என் கேஸே. இதோ, பையிலேயே வைத்திருக்கிறேன், பாருங்கள். ஒன்று, மரத்துப்போக வைக்கிற ஆயின்ட்மென்ட், ‘அந்த இடத்தில் மெல்லிசாக, தினம் மூன்று வேளை, ஏழு நாள்.’ இரண்டு, வெந்நீரில் உட்காருவது, பத்து நிமிஷம், இரண்டு வேளை. மூன்று, இசப்கோல் தவிடு, தூங்கப்போகும் முன் தண்ணீரில் கலந்து. ஒன்று, இரண்டு, மூன்று. எண் போட்டிருக்கிறதா இல்லையா? போட்டிருக்கிறது. எண் எதற்குப் போடுகிறோம்? வரிசைக்கு. எங்கள் கான்வென்டில் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் என்று ஒருவர் இருந்தார். கேள்வித்தாளில் ஒன்றாம் கேள்வியை எழுதாமல் இரண்டாம் கேள்விக்குப் போனால் பேப்பரையே கிழித்துப் போட்டுவிடுவார். கொடுத்த வரிசையில் செய்யத் தெரியாதவளுக்கு வாழ்க்கையில் எதுவும் தெரியாது என்பார். நான் அந்த வரிசையில்தான் செய்தேன். முதலில் மருந்து, அப்புறம் வெந்நீர். என் மேல் என்ன தப்பு?

இருங்கள், நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். முழுசாகக் கேளுங்கள் முதலில்.

அந்த கிளினிக்கில் ஒரு கம்பவுண்டர், பக்கிரிசாமி என்று பெயர், காதில் பேனா. சீட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே, “அம்மா, இதுல முதல்ல வெந்நீர்…” என்று ஆரம்பித்தார். அந்த அறையில் எத்தனை ஆம்பிளைகள் தெரியுமா? ஐந்து பேர். ஐந்து பேருக்கு நடுவில் இந்த மனுஷன் என் வெந்நீரைப் பற்றிப் பேசுகிறார். “எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்” என்றேன். “இல்லம்மா, தண்ணியை…” “யெஸ், யெஸ், தேங்க் யூ” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மருந்துக் கடையிலும் இதே கதை. கடைக்காரர் ட்யூபை எடுத்து வைத்துவிட்டு, “பட்டாணி அளவு போதும்மா, அந்த ஓரத்துல மட்டும், தோல் புண்ணா இருந்தா…” என்று உரக்க ஆரம்பிக்கிறார், பக்கத்தில் என் பையனோடு படித்தவனின் அப்பா நிற்கிறார்! காகிதப் பையில் போட்டுக் கொடுங்கள் என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே இருந்த துண்டுச் சீட்டையும் வழியிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால்? அதில் படம் வேறு போட்டிருந்தான், வெட்கங்கெட்டவன்.

பெட்டவாய்த்தலை வந்துவிட்டதா? இல்லை, இன்னும் இருக்கிறது. நல்லது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, என் நிலைமையைச் சொல்கிறேன். மாடி வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை தரையில் சம்மணம். போகாமல் இருக்க முடியாது. ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? போய் நின்றுகொண்டே இருந்தால், ஏன் உட்காரவில்லை என்று கேட்பார்கள். அதனால் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டேன். பட்டாணி அளவு போட்டால் அரை மணி நேரம் எரிச்சல் இல்லாமல் இருக்கிறது. அப்படியென்றால் விரல் நீளம் போட்டால் மூன்று மணி நேரம். கணக்கு சரிதானே? அந்த இடம் மட்டும் இல்லை, நடந்து நடந்து சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வேறு உராய்ந்து புண்ணாக இருந்தது. அங்கேயும் பூசினேன். துணி வைத்துக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

என்ன சொல்ல, சொர்க்கம்! மூன்று மாதத்தில் முதல் தடவையாக, கீழே ஒன்று இருப்பதே தெரியவில்லை. இரண்டு பாட்டுகூடப் பாடினேன். பாதியில் உதடு லேசாக மரமரவென்று இருந்தது, தலை ஒரு மாதிரி சுற்றியது. அவர்கள் வைத்த பாயசத்தில்தான் ஏதோ என்று நினைத்தேன். சேமியா பாயசம், அவ்வளவு நெய். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன், அங்கே டாக்டரம்மா கேட்கிறாள், “உதடு மரத்துச்சா? தலை சுத்துச்சா? புண்ணான தோல்ல இவ்ளோ பூசினா ரத்தத்துல கலக்கும்மா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், உயிருக்கே ஆபத்தாயிடும்” என்று. நான் அதற்குள் அந்தப் பாயசத்தைப் பற்றி நாலு வீட்டில் சொல்லியாயிற்று.

சரி. வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நாலு மணி. இரண்டாவது வேளை. ஒன்றாம் நம்பர் போட்டேன், அதே அளவு. ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாம் நம்பர். அவர்தான் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். அதை ஒப்புக்கொள்கிறேன், நான் ஒன்றும் நன்றி கெட்டவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் அவர். மைதானத்தில் முந்நூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்துகிறவர், வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். நீல பிளாஸ்டிக் பேசினில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, கையை விட்டுப் பார்த்து, “கொஞ்சம் ஆறட்டும் பிரமிளா” என்றார். ஆறட்டுமாம். ஆறின தண்ணீரில் உட்காருவதற்கு எதற்கு காஸ் செலவு? உட்கார்ந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. சூடு என்று பெயருக்குக்கூட இல்லை. “என்னங்க இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு! ஊத்துங்க” என்றேன். “ரொம்பச் சூடும்மா” என்றார். “எனக்குத் தெரியுமா உங்களுக்குத் தெரியுமா? ஊத்துங்க!” தயங்கினார். எதற்கெடுத்தாலும் தயக்கம், கல்யாணமான நாளிலிருந்து. “ஊத்துங்கன்னு சொன்னேன்!” என்று கத்தினேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினார். அவர் எப்போதும் அப்படித்தான், அந்த நேரத்தில் என்னைப் பார்க்க மாட்டார். நான் சங்கடப்படுவேனாம்.

தொடையில் சுள்ளென்றது. அவ்வளவுதான் தெரிந்தது. அதுவும் சரி, வெந்நீர் என்றால் கொஞ்சம் சுடத்தானே செய்யும் என்று பத்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து, முழுசாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன்.

ஐந்தரை மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியது.

அதை நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா? இரண்டா? அப்படியானால் புரியும். அதைவிட மோசம். கொப்புளம், கொப்புளமாக. தோல் வழன்று வந்துவிட்டது. நான் கத்தின கத்தலில் மாடி வீட்டுக்காரர்கள், வளைகாப்புக்கு வந்து தங்கியிருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். அவர் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஆட்டோவில் மண்டி போட்டுக்கொண்டு போனேன், பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி. பின்னால் வருகிறவனெல்லாம் என்னைப் பார்க்கிறான்.

இப்போது கேளுங்கள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. ஒரு டாக்டரம்மா, இரண்டு வார்டு பாய், ஊசி போட வந்த ஒரு பையனுடைய அப்பா, வாசலில் காவலுக்கு நிற்கிற ஒரு போலீஸ்காரர். திரை கிடையாது. இருந்தது, பாதிதான் மூடியது. டாக்டரம்மா உரக்கக் கேட்கிறாள், “எப்படிம்மா சுட்டுச்சு?”

“வெந்நீர்” என்றேன்.

“எப்படி? தவறிக் கொட்டிடுச்சா?”

நான் பொய் சொல்ல மாட்டேன். கான்வென்டில் வேறு எதைச் சொல்லிக் கொடுத்தார்களோ இல்லையோ, அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். “இல்லை, ஊத்தினது” என்றேன்.

“யாரு ஊத்தினா?”

“வீட்டுக்காரர்.”

அவ்வளவுதான். அந்தப் போலீஸ்காரர் நிமிர்ந்தார். டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். “எதுக்கு ஊத்தினார்?” நான் என்ன சொல்வேன்? நாலு ஆம்பிளைகள் நிற்கிறார்கள். எதற்கு வெந்நீர் என்றால் எதற்கு மருந்து என்று சொல்ல வேண்டும், எதற்கு மருந்து என்றால் அந்த மூன்று எழுத்தைச் சொல்ல வேண்டும். “அவரையே கேளுங்க” என்றேன். “வீட்ல சண்டை உண்டா?” என்று போலீஸ்காரர் கேட்டார். “தினமும்தான்” என்றேன். உண்மைதானே! எந்த வீட்டில் இல்லை? உங்கள் வீட்டில் இல்லையா? உப்பு கூடினால் சண்டை, குறைந்தால் சண்டை. அதற்கு இந்த அர்த்தமா எடுத்துக்கொள்வது? பெண்டாட்டி தீக்காயத்தோடு வந்தால் ஸ்டேஷனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமாம், சட்டமாம். எனக்கு அது எப்படித் தெரியும்?

அவர் வெளியில் பெஞ்சில், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது என் கோபம் என்னவென்று சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். இவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருக்கலாம். “என் சம்சாரத்துக்கு மூலம் சார், டாக்டர் வெந்நீரில் உட்காரச் சொன்னார்.” முடிந்தது கதை! சொன்னாரா? சொல்லவில்லை. சாயங்காலம் ஏழு மணியிலிருந்து மறுநாள் பத்து மணி வரை அவர்கள் கேட்கிறார்கள், “ஏன் ஊத்தினீங்க? ஏன் ஊத்தினீங்க?” இவர் சொன்ன பதில், எனக்கு அப்புறம்தான் தெரியும், “அது அவங்க உடம்பு சம்பந்தப்பட்டது. அவங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன்.” திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாராம். அதில் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. கூடாதா பின்னே? இப்படியா ஒரு மனுஷன் இருப்பான்? வாய் எதற்கு இருக்கிறது? அதுவும் அங்கே எழுதுகிற கான்ஸ்டபிள் யார் தெரியுமா, முத்துவேல் என்று, இவரிடம் நீளம் தாண்டப் பழகினவன். “சார், நீங்களா சார்?” என்று எழுந்து நின்றானாம். அவனிடமாவது காதோடு சொல்லியிருக்கலாம். ஆம்பிளைக்கு ஆம்பிளைதானே!

நான் சொல்லியிருக்கலாமே என்றா? நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். எனக்கு வலி ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். அதோடு நான் பொம்பளை.

மறுநாள் காலையில் ஒரு லேடி இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைச் சாத்திவிட்டு, நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். அப்போதும் வாய் வரவில்லை. ஒரு தாள் கேட்டேன். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வியாதிப் பெயர், மருந்து, எந்த வேளை, எந்த வரிசை, ‘நான் சொல்லித்தான் ஊற்றினார், மூன்று தடவை சொன்னேன்’ என்று எல்லாம், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அந்த வியாதிக்கு இங்கிலீஷில் எத்தனை பேருக்குச் சரியாக ஸ்பெல்லிங் எழுதத் தெரியும்? டாக்டரம்மாவே அசந்துபோனாள்.

அந்தத் தாளை அவர்கள் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இன்ஸ்பெக்டர், “தமிழ்ல சொல்லுய்யா” என்று முத்துவேலிடம் கொடுத்திருக்கிறார். அவன் எழுந்து நின்று, வகுப்பில் வாசிக்கிற மாதிரி, வரிவரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறான். அத்தனை பேருக்கும் நடுவில். சிரித்தார்களாம். இவர் எந்த ஒன்றைச் சொல்லாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாரோ அதை.

அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து, போகச் சொல்லிவிட்டார்களாம்.

நான் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருக்கிறேன். வந்தார். என் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். மருந்து மாத்திரைக்குப் பணம் கட்டினார். நான் கேட்டேன், “ஏங்க, நீங்களே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எனக்கு எவ்வளவு அவமானம்?” என்னைப் பார்த்துக்கொள்ள என் தங்கையை வரவழைத்துவிட்டு, மூன்று சட்டையை எடுத்துக்கொண்டு கரூருக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு லீவு. போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறார். ஒரு நாளைக்கு இருபது தடவை அடிக்கிறேன், பன்னிரண்டு நாள். எடுப்பது யார்? அந்தத் தமயந்தி. “தம்பி குளிக்கிறான்.” “தம்பி தூங்குறான்.” இருபது தடவையும் ஒருவன் குளிப்பானா?

நான் சும்மா விடவில்லை. அந்த டாக்டர் செங்குட்டுவனிடம் நேற்று போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பின உடனே போனேன். தாளை மேஜையில் வைத்தேன். “டாக்டர், இது என்ன எண்? நீங்கள் போட்ட எண்தானே?” அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அம்மா, அது மருந்துக்குப் போட்ட எண், செய்கிற வரிசைக்கு இல்லை. முதல்ல வெதுவெதுப்பான தண்ணி. கையை விட்டுப் பார்த்து இதமா இருக்கணும். உட்கார்ந்து எழுந்து, ஈரம் போக ஒத்தித் துடைச்சுட்டு, அப்புறம்தான் மருந்து. அதுவும் பட்டாணி அளவு, அந்த இடத்துல மட்டும், புண்ணான தோல்ல கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். ஒரு வாரத்துல சரியாகலைன்னா, ரத்தம் வந்தா, என்கிட்ட திரும்ப வரணும். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாதும்மா. அதைப் பூசிக்கிட்டு வெந்நீர்ல உட்கார்ந்தா யாருக்குத் தெரியும்? பக்கிரிசாமி சொல்லலையா?” என்று கேட்டார். பக்கிரிசாமி கதவண்டையில் நின்றுகொண்டு, “சொல்ல வந்தேன் சார், அம்மா யெஸ் யெஸ்னு சொல்லிட்டாங்க” என்கிறார்! யெஸ் என்றால் நிறுத்திவிடுவதா? பொறுப்பு என்று ஒன்று வேண்டாமா? நான் தடுத்தால் என்ன, என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு பக்கம் ஆகிவிட்டது. நின்றுகொண்டே எழுதுவதால் கொஞ்சம் மெதுவாகப் போகிறது.

ஒரு ரப்பர் வளையம் கொடுத்தார், அதில் காற்று ஊதி அதன் மேல் உட்கார வேண்டுமாம். சைக்கிள் ட்யூப் மாதிரி. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவேனா நான்?

அது காவிரியா? தண்ணீர் நிறையப் போகிறது.

எங்கே விட்டேன்? கேள்வி. நாலு கேள்வி வைத்திருக்கிறேன். ஒன்று, ஏன் போனை எடுக்கவில்லை. இரண்டு, தப்பு செய்தவர் டாக்டர், பிடித்துக்கொண்டு போனது போலீஸ், என் மேல் எதற்குக் கோபம். மூன்று, கட்டு மாற்ற என்னால் எட்டவில்லை, தங்கை நேற்று ஊருக்குப் போய்விட்டாள், யார் மாற்றுவார்கள். நாலு… நாலு இருந்தது. மறந்துவிட்டது.

இல்லை, மறக்கவில்லை. தமயந்தி கடைசியில் ஒன்று சொன்னார், வைப்பதற்கு முன்னால். “அவன் ராஜினாமா எழுதி வச்சிருக்கான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போக மாட்டானாம். வீட்டுக்கும்தான்.” முத்துவேலுடைய தம்பி அங்கே ஒன்பதாவது படிக்கிறான். மைதானத்தில் விசிலடித்தால் முந்நூறு பிள்ளைகளில் யார் சிரிக்கிறான் என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டாராம் அக்காவிடம். என்னிடம் கேட்கவில்லை. முப்பது வருஷம் நான் பேசினதை எல்லாம் கேட்டவர், இதை மட்டும் அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

நான் போய்க் கதவைத் தட்டினால் அவர் திறக்காமல் இருந்துவிட்டால்? தமயந்தி ஜன்னல் வழியாகத் தம்பி குளிக்கிறான் என்று சொன்னால்? எத்தனை நேரம் தெருவில் நிற்பது? நிற்க எனக்குப் பழக்கம்தான். இருந்தாலும்.

குளித்தலை வரப்போகிறது, இல்லையா? இறங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்கள். என் நம்பரைப் பார்த்தால்தான் எடுக்க மாட்டார், உங்கள் நம்பர் அவருக்குத் தெரியாது. அந்தம்மா காலை நேரத்தில் கோயிலுக்குப் போயிருப்பார், பக்கத்தில் இருக்க மாட்டார். நம்பர் நான் போடுகிறேன், எனக்கு மனப்பாடம். ஒரு நிமிஷம்தான். கண்டக்டரிடம் நான் சொல்கிறேன், ஓரமாக நிறுத்தட்டும்.

அடிக்கிறது.

உஷ். எடுத்துவிட்டார். “யாருங்க” என்கிறார்.

நான்தாங்க. வச்சுடாதீங்க. வச்சுடாதீங்க, இது பக்கத்துல இருக்கற ஒரு அம்மாவோட போன். பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன், கரூருக்கு. சண்டை போட வரலை. சரி, சண்டை போடத்தான் கிளம்பினேன், இப்ப இல்லை. கேட்குதா? ஊத்துங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்க சூடுன்னு சொன்னீங்க, ஆறட்டும்னு சொன்னீங்க, நான்தான் கத்தினேன். அதை அன்னைக்கே அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கணும், வாயில வரலை. நீங்களாவது சொல்லியிருக்கலாம்… இல்லை, அதை விடுங்க, அதை நான் சொல்லலை. ராஜினாமாவைக் கொடுத்துடாதீங்க. முத்துவேலை நான் பார்க்கிறேன், அவன் தம்பியை நான் பார்க்கிறேன், உங்க ஹெட்மாஸ்டரைப் பார்க்கிறேன். சரி, யாரையும் பார்க்கலை. நீங்க சொல்ற மாதிரி. வீட்டுக்கு வாங்க. வர மாட்டேன்னா அதையாவது சொல்லுங்க, திட்டணும்னா திட்டுங்க, நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கட் ஆகவில்லை, போனில் நொடி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பாருங்கள். அங்கேதான் இருக்கிறார்.

என்னங்க. நான் நிறுத்திட்டேன். இப்ப நீங்க பேசுங்க.